முப்பது அடித் தெருவும் அப்பாவின் வேலியும்

டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, எதிர் மனையின் வேலியோரம் போய் நிற்கச் சொன்னார் கட்டடக்காரர். நின்றேன். அவர் எங்கள் மனையின் வேலியோரம் குனிந்து பார்த்துவிட்டு, டேப் எங்காவது சிக்கியிருக்கிறதா என்று கேட்டார். சிக்கவில்லை. நாலு எட்டு தள்ளி இன்னொரு இடத்தில் பிடிக்கச் சொன்னார். அங்கேயும் அதே கதைதான். வரைபடத்தில் முப்பது அடி என்று போட்டிருந்த தெரு, தரையில் இருபத்திரண்டு அடிதான் இருந்தது.

மெட்ராஸுக்குத் தெற்கே, கடலை ஒட்டி, அப்போதுதான் வீடுகள் முளைக்கத் தொடங்கியிருந்த புறநகர் அது. என் கல்யாணத்துக்கு முன்பே அப்பா அங்கே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். கல்யாணத்தின்போது அதையே எனக்குச் சீராகக் கொடுத்தார். கணவருக்கு மெட்ராஸில் கம்பெனி வேலை. அதே புறநகரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மா குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர். அந்த அம்மாவுக்கு முகம் கோணிக்கொண்டால் அதுவும் கிடையாது. எனக்கென்று ஒரு வீடு வேண்டும், அதில் நான் நினைத்த நேரத்தில் குளிக்க வேண்டும். அந்த வயதில் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். சொந்தமாகக் கட்ட வக்கில்லை. அப்போதுதான் இந்தக் கட்டடக்காரர் வந்து, மனையைக் கொடுங்கள், அடுக்குமாடி எழுப்பி அதில் ஒரு வீட்டை உங்களுக்கே தருகிறேன் என்றார். தெய்வமே வந்து கதவைத் தட்டியது போல இருந்தது. தெய்வம் கையோடு டேப்பையும் கொண்டுவந்துவிட்டது.

"தெரு முப்பது அடி இல்லேன்னா மாடிக்கு அனுமதி கிடைக்காதும்மா" என்றார் அவர். "ரெண்டு பக்கத்து வேலியையும் உள்ள தள்ளணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி செஞ்சா நல்லது. இல்லேன்னா அடுத்த தெருவுல எனக்கு வேற எடம் தயாரா இருக்கு."

தெருவில் எட்டு அடி எங்கே போனது? எதிர் மனையும் எங்கள் ஊர்க்காரருடையதுதான். ஊரில் எங்கள் கொல்லைக்கு, அதாவது பயிர் வைக்கிற நிலத்துக்கு, அடுத்த கொல்லை அவருடையது. நான் மாமா என்று கூப்பிடுவேன். மனை விற்கிறவர்கள் வேன் வைத்து, டிபன் கொடுத்து எங்கள் பக்கத்து ஆட்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போன நாளில், அப்பாவும் அவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் எதிரெதிர் மனைகளாகப் பார்த்து வாங்கினார்கள். இரண்டு பேரையும் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று பஸ் ஏறினேன்.

கள்ளக்குறிச்சியில் இறங்கி, மலைப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால் எங்கள் ஊர். கல்வராயன் மலை எங்கள் கொல்லையின் கடைசியில் நிற்பது போலத் தெரியும். அப்பா மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது.

"எட்டுதானா? ரெண்டு பக்கமும் சேத்து பத்தாவது வந்திருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருஷத்துக்கு இரண்டு தடவை அப்பா மனையைப் பார்க்க என்று மெட்ராஸ் வருவார். ஈரச் சாக்கில் சுற்றிய, வேலிக்கு வெட்டி நடுகிற கிளுவைப் போத்துகளும் காம்பு கழற்றிய மண்வெட்டியும் பையில் இருக்கும். கிளுவை எந்த மண்ணிலும் பிழைக்கும். நட்டுவைத்தால் மணலிலும் வேலியாகிவிடும். பழைய வேலியில் பட்டுப்போன இடத்தைச் சரிசெய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் புதுப் போத்தைப் பழையதற்கு ஒரு சாண் வெளியே நட்டிருக்கிறார். எதிர்ப் பக்கத்தில் மாமாவும் அதையேதான் செய்திருக்கிறார்.

இதை எங்கள் பக்கத்தில் யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. வரப்பை மராமத்து செய்கிறபோது பக்கத்துக்காரன் பக்கம் ஒரு கொத்து கூடக் கொத்திப் போடுவது விவசாயத்தில் ஒரு வேலை, அவ்வளவுதான். பார்த்தவன் கேட்க மாட்டான். அடுத்த வருஷம் அவன் முறை வரும்போது அவனும் ஒரு கொத்து கொத்துவான். ஒருவரை ஒருவர் கொத்திக்கொண்டே நாற்பது வருஷம் சிநேகமாக இருப்பார்கள். கல்யாணம் காரியம் என்றால் முதல் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். கொத்தாமல் விட்டவனைத்தான் ஊர் ஒரு மாதிரி பார்க்கும்.

"நைனா, அது வரப்பு இல்ல, தெரு" என்றேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"தெரு கவர்மெண்டுது. வண்டி போவ இன்னா வேணும்? ஒம்போது அடி வேணுமா? மிச்சத்த மணலாவே போட்டு வெச்சிக்கீறான். ஒனக்கு ஆவட்டுமேன்னுதான் சேத்தேன்."

"நீங்க சேத்ததாலதான் இப்ப கட்டடக்காரரு எனக்கு வூடு இல்லேங்கறாரு."

"எடம் ஜாஸ்தி ஆனா வூடு கட்டக்கூடாதுன்னா அது இன்னாம்மா கணக்கு?"

அது என்ன கணக்கு என்று எனக்கும் சரியாகத் தெரியாது. கட்டடக்காரர் சொன்னதை நான் சொன்னேன், அவ்வளவுதான். கடைசியில் அப்பா ஒன்றுக்கு மட்டும் இறங்கி வந்தார். "அவன் மொதல்ல தள்னா நானும் தள்றேன்." மாமா வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்து உட்காரவைத்து, அதே வார்த்தையை அவரும் சொன்னார். எப்படியோ மறுநாள் காலை பஸ்ஸுக்கு இரண்டு பேரும் வருகிறோம் என்றார்கள்.

விடிந்து பார்த்தால் பஸ் இல்லை. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் வெட்டிப் போடப்பட்டிருந்தது. எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ஒரு வாரம் எந்த வண்டியும் ஓடாது என்றார்கள். என்னோடு பஸ்ஸில் வர வேண்டிய இரண்டு பேரும் அந்த மரத்தின் மேலேயே தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு வரேன்னு சொன்னீங்களே?"

"ஊரே ஒக்காந்துகினு கீது, நான் மட்டும் பஸ் ஏறுனா நல்லா இருக்குமா?" என்றார் அப்பா. கூடவே, "நம்ம புள்ளைங்க ஒண்ணாவது ஆபீசுல கீதா சொல்லு. நீ டைப்பு படிச்சியே, எவன் வேல குடுத்தான்?" என்றார்.

அது உண்மை. டைப்ரைட்டிங் இரண்டு பரீட்சை தேறி, எழுதிப் போட்ட இடத்திலிருந்தெல்லாம் ஒரு பதிலும் வராமல்தான் நான் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன். அப்படியானால் எனக்காகவும்தான் இந்த மரம் விழுந்திருக்கிறது. நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அதே மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. சின்னசேலம் போய் ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு பெண், மடியில் குழந்தையோடு அதன் படியில் உட்கார்ந்திருந்தாள். "எப்ப வுடுவாங்க உங்க ஊருல?" என்று என்னைக் கேட்டாள். உங்கள் ஊர் என்று அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டேன். எப்போது விடுவார்கள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. விட வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, விடாமல் உட்கார்ந்து ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா என்றும் தெரியவில்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு, உயிர் போயிற்று என்று சேதிகள் வந்தன. சாமி படத்துக்கு முன்னால் விளக்கை மட்டும் ஏற்றிவைத்தேன்.

நடுவில் ஒரு நாள், கள்ளக்குறிச்சியிலிருந்து போலீஸ் துணையோடு மெட்ராஸுக்கு ஒரு பஸ் கிளம்பும் என்று பேச்சு அடிபட்டது. நான் ஒற்றைக்காலில் நின்றேன். மழை வந்தால் என் வீடு போச்சு என்று அழுதேன். என் அழுகை தாங்காமல் அப்பா மாட்டு வண்டியைக் கட்டினார். மாமாவும் ஏறிக்கொண்டார். ரோட்டில் போக முடியாது, கொல்லை வழியாகப் போகிற வண்டிப் பாட்டையில் போகலாம் என்று கிளம்பினோம். அந்தப் பாட்டைக்கு ஒரு பக்கம் எங்கள் கொல்லை, மறுபக்கம் மாமா கொல்லை.

பாதி தூரம் போனதும் வண்டி சாய்ந்தது. ஒரு சக்கரம் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. வண்டி போகிற அகலத்துக்கு அங்கே பாட்டையே இல்லை. வருஷா வருஷம் இந்தப் பக்கம் இவர் ஒரு கொத்து, அந்தப் பக்கம் அவர் ஒரு கொத்து. ஆடு போகிற அகலம்தான் மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் குதித்து இறங்கினார்கள். சக்கரத்தைத் தூக்குவார்கள் என்று பார்த்தால், சக்கரம் யார் பக்கம் இறங்கியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார்கள்.

"ஒன் பக்கந்தான் சரிஞ்சிகினு கீது" என்றார் அப்பா.

"நீ அந்தாண்ட கொத்துனதாலதான் வண்டி இந்தாண்ட வந்துது" என்றார் மாமா.

நாற்பது வருஷத்தில் அதை அவர்கள் வாய்விட்டுப் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கையில் அழுகையாகிவிட்டது. மாட்டை அவிழ்த்து, ஆள் பிடித்து வண்டியைத் தூக்கி வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த பஸ்ஸும் கிளம்பவில்லை என்று அப்புறம் தெரிந்தது.

ரோடு திறந்ததும் மூன்று பேரும் மெட்ராஸ் வந்தோம். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும், "உங்க ஊர்க்காரங்க காய்கறிகூட வரவிடலியே" என்றார். ஊரில் என்னைப் பட்டணத்துக்காரி என்கிறார்கள், இங்கே ஊர்க்காரி என்கிறார்கள்.

தெருவில் இரண்டு பேரும் அவரவர் வேலிக்கு முன்னால் நின்றார்கள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். கடல் பக்கம் மேகம் கறுத்திருந்தது. கட்டடக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்பாவின் பையில் இருந்த கொடுவாளை எடுத்துப் புடவையைச் செருகிக்கொண்டு எங்கள் வேலியை வெட்ட ஆரம்பித்தேன். யாரும் தடுக்கவில்லை. கை முழுக்கக் கிளுவைப் பால் பிசுபிசுத்தது, முள் கீறியது. அப்பா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் பிள்ளையை அடிப்பதைப் பார்ப்பவர் போல முகம் சுருங்கியிருந்தது. பாதி வேலி போனதும் அவரே வாயைத் திறந்தார்.

"மேலால வெட்டாத. வேரோட புடுங்கு. இல்லேன்னா மழையில துளுத்துக்கும்."

எழுந்து வந்து மண்வெட்டியைப் போட்டு அவரே பிடுங்கினார். எதிரில் மாமா சட்டையைக் கழற்றினார். மத்தியானத்துக்குள் கட்டடக்காரரின் டேப் முப்பது அடி காட்டியது. நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீடு வந்தது. முதல் மாடி, கடல் காற்று வருகிற பக்கம். பால் காய்ச்சுகிற அன்று குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மாவே கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவு சந்தோஷம். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இதுல ஒன் எடம் எதும்மா?"

மொத்த மனையில் எனக்கு ஒரு பங்கு உண்டு, பிரிக்க முடியாத பங்கு, எது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது என்றேன். பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"எல்லாத்துலயும் ஒனக்கு பங்கு கீது. ஆனா ஒரு அடி எடமும் ஒன்து இல்ல. அப்டித்தானே?"

"அப்டித்தான் நைனா."

"அப்ப நாளைக்கு எவனாவது ஒன் எடத்துல கால வெச்சா, எங்க நின்னுகினு கேப்ப?"

அப்பா தெருவைப் பார்த்து நின்றார். கொல்லையில் இறங்கும் முன் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிற மனுஷர் அவர். எனக்குச் சீராகக் கொடுத்த மண்ணின் மேல் அன்று செருப்புக் காலோடு நின்றார்.