காகித நுனியில் ஒரு முக்கோணம்

கிரெனடாத் தீவின் கரையில் எங்கள் சொகுசுப் படகு நிற்கிறது. ஆறு வாரம் விருந்தினர் அறைகளைத் துடைத்துத் தேய்த்த பிறகு எனக்கு இரண்டு நாள் விடுமுறை. மலைப்பாதையோரம் ஒரு ரொட்டிக் கடை. தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரைகள், ஆட்டுக்கறி மணம். சாப்பிடுமுன் பின்பக்கக் கழிப்பறைக்குப் போய்வருகிறேன்.

எனக்குப் பிறகு உள்ளே போன கடைக்காரப் பெண் மார்வா சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்.

“படகில் வேலையா, ஹோட்டலிலா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

விளங்காமல் விழிக்கிறேன். கழிப்பறைக் காகிதச் சுருளின் நுனியை முக்கோணமாக மடித்துவிட்டு வந்திருக்கிறேனாம். அறை துப்புரவாகிவிட்டது என்று விருந்தினருக்குச் சொல்லும் அடையாளம் அது.

“ரொறன்ரோ ஹோட்டல் ஒன்றில் பதினொரு வருஷம் நானும் மடித்தேன். இங்கே திரும்பி வந்தும் கொஞ்ச நாள் என் வீட்டிலேயே மடித்தேன்,” என்கிறார். என் ரொட்டியில் இன்னொரு கரண்டி கறி விழுகிறது.

அதே ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டிலும் அந்த முக்கோணம் எப்போதும் இருந்தது. எல்லா வீட்டிலும் காகிதம் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். அம்மாவும் ஹோட்டல் அறைகள் துடைத்தவர். ரொட்டி ஆறுவதற்குள் அவரைத் தொலைபேசியில் அழைக்கிறேன்.

“அம்மா, வேலையை விட்டு மூண்டு வருஷமாச்சு. இன்னும் பேப்பரை மடிக்கிறீங்களோ?”

“ஓம் பிள்ளை, கை தன்ரபாட்டிலை மடிக்குது. ஏன் இப்ப கேக்கிறாய்? நீ லீவிலையெல்லோ நிக்கிறாய்?”