எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வேளை மருந்து

லிஜா, பினு, இந்த அப்பா ஆட்டோ ஓட்டிய கதைகளை எழுதச் சொன்னீர்கள். சவாரிக் கதைகள் பிறகு ஆகட்டும். முதலில் இதைப் படியுங்கள்.

தொண்ணூறுகளில் என் வண்டி பாறசாலை ஸ்டாண்டில் ஓடியது. கேரள பெர்மிட். எல்லைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அபராதம். லிஜாவுக்கு அப்போது ஐந்து வயது. வலிப்பு வந்தால் பல் கிட்டிவிடும். டாக்டர் தந்த மாத்திரை மட்டும் போதவில்லை. அதோடு ஒரு லேகியமும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் இருந்த வைத்தியர். டாக்டரும் சம்மதித்தார். லேகியத்தில் கஞ்சா இலை சேரும். வைத்தியரிடம் அதற்குத் தமிழ்நாட்டு லைசென்ஸ் உண்டு.

முதல் டப்பாவைச் சாவடியில், போதைப்பொருள் சோதிக்கும் கேரள எக்சைஸ்காரர் பிடித்தார்.

"எடோ, இதில கஞ்சா உண்டோ?"

"உண்டு சாரே. பிள்ளைக்கு மருந்தாக்கும். வைத்தியர் சீட்டும் உண்டு."

"அந்தச் சீட்டு அங்க செல்லும். இங்க கொண்டுவர நம்ம ஆபீஸ் அனுமதி வேணும்."

டப்பா போயிற்று. நெய்யாற்றின்கரை எக்சைஸ் ஆபீசில் கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொச்சுப் பிள்ளைக்குக் கஞ்சாவா? நாணமில்லையா?" திருவனந்தபுரத்தில் கேட்கச் சொன்னார். அங்கே போனால் நெய்யாற்றின்கரைக்கே திருப்பிவிட்டார்கள்.

ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரன் தங்கையன் சிரித்தான். "எலே, உன் வண்டியும் அந்தப் பக்கம் போவாது, மருந்தும் இந்தப் பக்கம் வராது. பிள்ளைக்கு என்ன பெர்மிட்டுலே வேணும்?"

அவன் கேலிக்குத்தான் சொன்னான். மறுநாள் காலையே வண்டியைச் சாவடி ஓரம் நிறுத்தினேன். லிஜாவைத் தோளில் தூக்கி எல்லையைக் கடந்து, வைத்தியர் கடையில் ஒரு வேளை லேகியம் கொடுத்து, எக்சைஸ்காரர் கண்முன்னே திரும்பி வந்தேன். பிறகு தினமும் அதுதான். காலைச் சவாரி எல்லாம் தங்கையனுக்குப் போனது.

ஒரு நாள் அந்த எக்சைஸ்காரர் வழிமறித்தார். "தான் எங்களைக் களியாக்குகயா?" கேலி செய்கிறேனா என்று கேட்டார்.

"மருந்து பிள்ளை வயித்துல இருக்கு சாரே. பிடிக்கணும்னா பிடியுங்க."

லிஜா, நீ நாக்கை நீட்டி, எல்லாம் முழுங்கியாச்சு என்று காட்டினாய். சோதனைக்கு நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அங்கிருந்து நேரே உன்னை நெய்யாற்றின்கரை ஆபீஸ் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். "அனுமதி தர முடியாதுன்னா அதை எழுதித் தாருங்க சாரே" என்றேன். எழுதித் தர ஒருவரும் துணியவில்லை. தினமும் போய் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு உன் பெயரில் அனுமதி வந்தது. வலிப்பு முழுதும் நிற்கவில்லை, இடைவெளி கூடியது.

யாராவது முடியாது என்றால், எது முடியாது என்று திருப்பிக் கேளுங்கள் மக்களே. மருந்தைக் கொண்டுவரத்தான் தடை இருந்தது. பிள்ளையைக் கொண்டுபோக அல்ல.

அனுமதியோடு டப்பாவை வாங்கி வந்த அன்று, சாவடி தாண்டியதும் புளிய மர நிழலில் நிறுத்தியிருந்த வண்டிக்குள் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். பிள்ளை தினமும் விழுங்கியது எப்படி இருக்கும் என்று பார்க்க, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு காது வரை ஏறியது. கஞ்சா நாக்கில் பட்ட பிறகு அன்று சவாரி ஏற்றுவது சரியில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, டப்பாவோடு வீட்டுக்கு நடந்தேன்.