முன்னாள் பயனர்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பேரம் பேசிப் பேசியே வயிறு வளர்த்த வீட்டுப் பிள்ளை நான். யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவேன். நீங்களும் இதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் பாதிக்கே நான் இன்றுவரை அந்த ஆபீஸ் மாடியில் தனியாக உட்காருவதில்லை.

நடுராத்திரி இல்லை. மழை, இடி எதுவும் இல்லை. சனிக்கிழமை பிற்பகல், ஜன்னல் வழியாக வெயில் மேசை வரைக்கும் வந்திருந்தது. விடுமுறை நாள் என்பதால் மாடியில் இரண்டே பேர். நானும், என் தங்கை கணவரும். மாப்பிள்ளை டெஸ்டர். நாங்கள் செய்யும் மென்பொருளைச் சோதித்துப் பார்த்து, சரி என்று சொல்கிற வேலை. எங்கள் புராஜெக்ட்டுக்கு அவர் ஒருவர்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் கணினியில் ஒரு கார்டு உண்டு. கையில் எடுத்ததும் 'தொடங்கியது' கட்டத்துக்கு நகர்த்துவார், சோதித்ததும் 'முடிந்தது' கட்டத்துக்கு. இடையில் எத்தனை நாள் ஆனதோ, அது சார்ட்டில் ஒரு புள்ளியாக விழும். புள்ளிகள் எறும்புச் சாரை மாதிரி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று சாரை அறுந்துவிட்டது. கடைசி இரண்டு வாரங்களுக்கு ஒரு புள்ளியும் இல்லை. வெறும் வெள்ளை.

ஆள் வேலை செய்யவில்லையா, சார்ட் பொய் சொல்கிறதா, திங்கட்கிழமை எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு இது ஒரே வருடத்தில் மூன்றாவது வேலை, நான் கைகாலைப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. இதுவும் போனால் என் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? அதற்காகத்தான் சனிக்கிழமையும் பாராமல் வந்து உட்கார்ந்தோம்.

வழக்கமான கோளாறுகளை எல்லாம் தேடினேன். எதிலும் குறையில்லை. கடைசியாக ஒரு கார்டைத் திறந்து தேதியைப் பார்த்தேன்.

தொடங்கியது வியாழன். முடிந்தது புதன்.

அடுத்த கார்டு. தொடங்கியது செவ்வாய். முடிந்தது திங்கள்.

இரண்டு வாரத்துக் கார்டுகளும் அப்படியே. தொடங்குவதற்கு முந்தைய நாளே முடிந்திருந்தன. முடிந்த பிறகு தொடங்கும் வேலைக்கு சார்ட் எங்கே புள்ளி வைக்கும்? தூக்கி எறிந்துவிட்டது.

"மாப்பிள்ளை, தேதியில ஏதாவது கை வச்சீங்களா?"

"பல் டாக்டர்கிட்ட போற தேதியே எனக்கு ஞாபகம் இருக்காது மச்சான். இதுல வேறயா?"

நகர்த்தியது யார் என்று பார்த்தேன். 'முன்னாள் பயனர்' என்று இருந்தது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் பெயர் அழிந்து இப்படித்தான் காட்டும். பெயர் இருக்கிறவரை வெளியே தெரியாத அவருடைய கணக்கு எண் மட்டும் பக்கத்தில் நிற்கும். 417.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "முன் நாள் பயனர், மச்சான். முந்தின நாளே முடிச்சுட்டுப் போயிட்டான். பேருக்கேத்த ஆளு."

நானும் சிரித்தேன். டீ வாங்கி வருகிறேன் என்று அவர் கீழே இறங்கிப் போனார்.

மணி நான்கு பத்து. சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று புதிதாக ஒரு கார்டு போட்டேன். மாப்பிள்ளை பெயரில். இன்னும் தொடங்கக்கூட இல்லை.

டக்... டக்.

பின்னால், அவர் மேசையில். என்டர் பொத்தானை இரண்டு தரம் தட்டுவது அவர் பழக்கம். ஒன்று மெஷினுக்கு, ஒன்று தன் திருப்திக்கு என்பார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றேன், திரும்பாமல்.

திரும்பினேன். நாற்காலி காலி. அவர் கணினி அணைந்து கிடந்தது. கீபோர்டு மேல் வெயில்.

என் போன் அடித்தது.

"மச்சான், சர்க்கரை போடச் சொல்லவா, வேண்டாமா?" அவர் குரல்தான். பின்னால் தெருவில் வண்டிகளின் ஹாரன்.

அப்போது... அந்தக் காலி மேசையில்...

டக்... டக்.

திரையைப் பார்த்தேன். என் கார்டு 'முடிந்தது' கட்டத்தில் இருந்தது. முடிந்த நேரம், நேற்று நான்கு பத்து. முன்னாள் பயனர். 417.

கார்டில் மாப்பிள்ளை பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.

டக்... டக்.

மறுபடி அவர் பெயர்.

மறுபடி என் பெயரைப் போட்டேன்.

டக்... டக்.

கார்டையே அழித்தேன். திரும்பி வந்தது. எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். இறங்கி வராத ஆளே கிடையாது. இது இறங்கவில்லை.

மாப்பிள்ளை டீயோடு வந்தார். "என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"மாப்பிள்ளை... இந்த வேலைய விட்டுடுங்க."

"நல்லா இருக்கே. வாங்கிக் குடுத்ததும் நீங்க, விடச் சொல்றதும் நீங்களா?"

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். விளையாடக் கூப்பிட அவர் மகள்தான் போயிருக்கிறாள். அப்பா எழுந்திருக்கவே மாட்டேங்கிறார் என்று என் தங்கையிடம் வந்து புகார் சொன்னாளாம்.

எல்லாம் முடிந்து நான் ஆபீஸ் போனபோது, மேனேஜர் என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். சார்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லையே.

கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் போனேன். 417 யார், எப்போது வேலையை விட்டுப் போனவர் என்று கேட்டேன். தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அண்ணா, இது உங்க மாப்பிள்ளையோட நம்பர். இன்னைக்குக் காலையிலதான் நீக்கினேன்."

சனிக்கிழமையே 'முன்னாள் பயனர்' என்று பார்த்தேனே என்றேன்.

"அது எப்படிண்ணா? சனிக்கிழமை அவர் பேர்தானே இருந்திருக்கும்?"