பூசைக்கு வைத்த துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி நாற்பது. அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடிதான் நின்றிருந்தேன். பத்து மணிக்குக் கீழே போக வேண்டும், மனைவி இன்னும் சுண்டலைத் தாளிக்கவில்லை. அப்போது வீட்டின் அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிய பீரோ ஒன்று மல்லாந்து விழுந்தது போல. என் உள்ளங்காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது.

"என்னங்க அது? பாய்லர் வெடிச்சிருச்சா?" என்றாள் மனைவி.

கீழே எங்கள் மகள் இருந்தாள். குத்துவிளக்கையும் கற்பூரத் தட்டையும் எடுத்துக்கொண்டு சற்று முன்புதான் இறங்கிப் போயிருந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

நாங்கள் ஜெர்மனியில், வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், இரண்டடுக்கு வீட்டின் மேல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அதற்கும் கீழே நிலவறை. வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். வேட்டைக்குப் போவார், ஊரில் உள்ள துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினர். எங்களை விருந்துக்குக் கூப்பிட்ட முதல் நாளே, காபி ஆறுவதற்குள் நிலவறைக்கு அழைத்துப் போய், சுவரோடு பதித்திருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். மற்றவர்கள் குடும்ப ஆல்பம் காட்டுவது போல.

அவருக்கு மிகவும் பிடித்தவை மூன்று. அவருடைய அப்பா விட்டுச்சென்ற மூன்று குழல் வேட்டைத் துப்பாக்கி. மேலே அருகருகே இரண்டு குழல், அடியில் ஒன்று, பக்கவாட்டில் ஓடுகிற மான்கள் செதுக்கியிருக்கும். அடுத்தது, போட்டிக்கு எடுத்துப்போகும் கைத்துப்பாக்கி. அதன் வாதுமை மரப் பிடி அவருடைய உள்ளங்கைக்கென்றே இழைத்தது. நான் பிடித்துப் பார்த்தபோது வேறொருவரின் செருப்பில் காலை நுழைத்தது போலிருந்தது. மூன்றாவது, மான்கொம்புப் பிடி போட்ட கத்தி. அந்தக் கத்தியை மட்டும் அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். தன் முன்கை மயிரை அதனால் மழித்துக் காட்டுவார்.

"உங்களுக்குப் பிடிச்ச ஆயுதம் எது?" என்று கேட்டார். அவர் பேசியது ஜெர்மன்தான், ஆனால் எனக்கு எல்லாமே தமிழில்தான் நினைவிருக்கிறது.

"கீபோர்டு" என்றேன்.

"என்னோடது அரிவாள்மனை" என்றாள் மனைவி. அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. மேலே வந்து பார்த்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை நறுக்கிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அந்த முனையைத் தடவி, "கத்தி அசையறதில்ல, காய்தான் போய்ச் சாகுது" என்று வியந்தார். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் மேல் தனி மரியாதை.

இவ்வளவு பிரியம் இருந்தும், அவர் கவனக்குறைவான ஆளில்லை. துப்பாக்கியை எடுத்தால் எடுத்த கையோடு துடைத்து, உள்ளே வைத்து, பூட்டி, கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். அவருக்கு முப்பது வயதில் ஒரு மகன் இருந்தான். வேறு ஊரில் வேலை. அவனுக்கும் துப்பாக்கி வெறி. தாத்தாவின் மூன்று குழல் துப்பாக்கி தனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே தாத்தா சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வான். அவன் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது வீட்டுக்காரரே போய்த் தடுத்துவிட்டார். "குடிச்சிட்டு வந்து பக்கத்து வீட்டு நாயை உதைச்சே கொன்னவன். அவன் கையில கொடுப்பேனா?" என்றார் என்னிடம். பெற்ற மகனைப் பற்றி இப்படிப் பேசுகிறாரே என்று அப்போது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூசை சனிக்கிழமையில் வந்தது. சைக்கிள்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். நான் விளக்கினேன். எது நமக்குச் சோறு போடுகிறதோ, எது நம் கையில் இருக்கிறதோ, அதற்கு ஒரு நாள் ஓய்வும் பூசையும் என்று.

"உங்க சாமிக்கு வேட்டைக்காரங்களைப் பிடிக்குமா?"

"எங்க சாமிங்க கையில முக்கால்வாசி ஆயுதம்தான்."

அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை. பூசையைத் தன் நிலவறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். விருந்து கொடுப்பதற்கென்று அங்கே மரப்பலகை அடித்த ஓர் அறை இருந்தது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து மூன்று குழல் துப்பாக்கியையும் கைத்துப்பாக்கியையும் கத்தியையும் வைத்தார். "இது இல்லேன்னா அது வெறும் குழாய்" என்று ஒரு தோட்டாப் பெட்டியையும் வைத்தார். பக்கத்தில் என் லேப்டாப், மகளின் கணக்குப் புத்தகம், அரிவாள்மனை. மனைவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். வாசலில் ஆரஞ்சு நிறப் பூசணிக்காயைப் போட்டு உடைத்தோம். வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு தயாராக நின்றார்.

பூசை முடிந்ததும் நான் சொன்னேன்: "முறைப்படி நாளைக் காலையில விளக்குக் காட்டின பிறகுதான் எடுக்கணும். ஆனா ஆபீஸ்ல கூப்பிட்டா நானே ராத்திரி லேப்டாப்பை எடுத்துருவேன். நீங்க துப்பாக்கியை உள்ளே வெச்சுப் பூட்டிருங்க."

அவர் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"விதி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப விதிதான்."

அறைக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். மாடி ஏறும்போது மனைவி, "மனுஷன் நம்மள விட ஆச்சாரமா இருக்காரே" என்றாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை அவர் அறையைத் திறந்து, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, பூசைக்கென்று நல்ல கோட்டு மாட்டிக்கொள்ள மேலே போயிருக்கிறார். அந்த இடைவெளியில் மகன் வந்திருக்கிறான். அவன் காருக்குப் பனிக்காலத்தில் மாற்றி மாட்டும் சக்கரங்கள் நிலவறையில்தான் கிடந்தன. அவற்றை எடுத்துப்போக வந்தவன், திறந்த கதவு வழியே மேசையைப் பார்த்தான்.

சத்தம் கேட்டதும் நான் படிகளில் இறங்கவில்லை, விழுந்து விழுந்து போனேன். நிலவறைப் படிக்கட்டின் நடுவில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கோட்டின் முன்பக்கம் முழுக்க ரத்தம். கீழ்த்தாடை ஒரு பக்கமாக விலகி, வாய் மூட முடியாமல் தொங்கியது. மகன் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்திருக்கிறான். சுட்டது அவர் மேல் படவில்லை. தலைக்கு மேலே சுவரில் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. கீழே அறைக் கதவு உள்ளிருந்து பூட்டியிருந்தது.

"என் பொண்ணு எங்கே?"

அவர் அந்தக் கதவைக் காட்டினார். பிறகு மூன்று விரல் காட்டி, ஒன்றை மடக்கினார். இரண்டு குழலில் இன்னும் தோட்டா இருக்கிறது.

உள்ளே அவன் கத்திக்கொண்டிருந்தான். "தாத்தா எனக்குத்தான் கொடுத்தாரு! என்னைப் பைத்தியம்னு சங்கத்துல சொன்னியே, இப்ப வா, பைத்தியத்தை வந்து பாரு!" பொருள்கள் உடைகிற சத்தம். வீட்டுக்காரம்மா மேலே தொலைபேசியில் போலீசிடம் முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் என் மனைவி, ஆங்கிலத்தில், "மை டாட்டர், மை டாட்டர்" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினாள்.

நான் கதவருகே போய்த் தமிழில் கூப்பிட்டேன். "கண்ணு, எங்கேம்மா இருக்கே?"

"அப்பா, ஹீட்டர் ரூம்ல ஒளிஞ்சிருக்கேன். அவன் என்னைப் பார்க்கலை." குரல் அவ்வளவு சன்னமாக வந்தது. விருந்து அறைக்குள்ளேயே இன்னொரு சின்னக் கதவு, அதற்குப் பின்னால்தான் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன்.

அதுவரை அவள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. நான் கூப்பிட்டதால்தான் தெரிந்தது.

"யாரு அங்கே? என்ன பேசறீங்க? ஜெர்மன்ல பேசு!"

"குழந்தை அது. ஒண்ணும் செய்யாதே. வெளியே விட்டுரு" என்று ஜெர்மனில் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுக்க அலுவலகக் கூட்டத்தில் பேசுகிற ஜெர்மன். தயவுசெய்து, தயவுசெய்து என்று அதே மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தில் மறுபடி தமிழ் வந்துவிட்டது. "கண்ணு, கீழே படுத்துக்கோ, அசையாதே."

"ஜெர்மன்ல பேசுன்னேன்!"

கதவு வெடித்தது. பூட்டுக்குப் பக்கத்தில் பலகை பிய்ந்து பறந்தது. என் இடது முன்கையில் யாரோ கொதிக்கும் எண்ணெயை ஊற்றியது போலிருந்தது. பார்த்தால் சட்டையில் மிளகு அளவு ஓட்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ரத்தம். காது அடைத்துவிட்டது. மகள் அலறியிருக்க வேண்டும், எனக்குக் கேட்கவில்லை. அவள் அலறவில்லை என்றே அந்த நிமிடம் நினைத்தேன். அதைவிட மோசமான நிமிடம் என் வாழ்க்கையில் இல்லை.

வீட்டுக்காரர் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கதவைத் தோளால் மோதித் திறந்தார். உள்ளே மகன் துப்பாக்கியின் மேல்புறத்தில் இருந்த சின்ன விசையைத் தள்ளப் போராடிக்கொண்டிருந்தான். அதைத் தள்ளினால்தான் அடிக்குழல் வெடிக்கும். அப்பாவைப் பார்த்ததும் ஒரு கையால் மேசையிலிருந்த கத்தியை எடுத்தான். அவர் நிற்கவில்லை. நேராகப் போய் அவனைக் கட்டிப்பிடித்தார். கத்தி அவர் விலாவில் இறங்கியதையும், அவன் அதை உருவி மறுபடி இறக்கியதையும் நான் பார்த்தேன். அவர் பிடியை விடவே இல்லை. பிழைத்துக்கொண்டார். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, திரும்பி வந்து, எல்லாத் துப்பாக்கிகளுக்குமான உரிமத்தைத் தானாகவே திருப்பிக் கொடுத்தார். ஆனால் அன்று அவர் சாகிறார் என்றுதான் நினைத்தேன்.

மேசையில் மகள் கொண்டுவந்து வைத்த குத்துவிளக்கு இருந்தது. பித்தளை, கனமானது, என் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்தது. தண்டைப் பிடித்துத் தூக்கினேன். எண்ணெய் என் கை வழியே வழிந்தது. முதல் அடி அவன் மணிக்கட்டில். எலும்பு ஒடிந்தது எனக்குத் தெரிந்தது, கத்தி விழுந்தது. இரண்டாவது அடி தோளில். அப்போது துப்பாக்கி சாய்ந்து, விசையும் தள்ளுப்பட்டு, கடைசித் தோட்டாவும் வெடித்துக் கூரையில் போய்ப் புதைந்தது. இனி அந்தத் துப்பாக்கியில் ஒன்றுமில்லை. வெறும் குழாய். அதையும் நான் பிடுங்கித் தூர எறிந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் தரையில் கிடந்தான். கையால் தலையை மூடிக்கொண்டு, "போதும், போதும்" என்று அழுதது எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. நான் அவன் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு அடித்தேன். முதுகில், விரல்களில், காதில். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு மூச்சு இலகுவானது. வாழ்நாளில் ஒருவரையும் அறைந்ததில்லை நான். பள்ளிக்கூடத்தில் கூட இல்லை. அந்த விளக்கை ஆதாரமாக எடுத்துப் போன போலீஸ்காரர்கள், ஒரு வருஷம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் போகவில்லை. மனைவி இன்றுவரை எவர்சில்வர் விளக்கில்தான் தீபம் போடுகிறாள். ஏன் என்று வருகிறவர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

எனக்குக் காது இன்னும் திறக்கவில்லை. அதனால் படியில் பூட்ஸ் சத்தம் கேட்கவில்லை. திடீரென்று அறை முழுக்க ஆட்கள். கறுப்பு உடுப்பு, தலைக்கவசம், எல்லாத் துப்பாக்கிகளும் என்னை நோக்கி. வேறு யாரை நோக்குவார்கள்? வீட்டுக்காரர் சுவரோரம் கிடந்தார், மகன் எனக்கு அடியில் கிடந்தான், அந்த அறையில் அடித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் கத்தியது தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. என் கை மறுபடி உயர்ந்தது.

முன்னால் நின்றவள் ஒரு பெண். தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளினாள். துப்பாக்கியைத் தாழ்த்தாமல் ஒரு எட்டு பக்கத்தில் வந்து, என் காதுக்கருகே குனிந்தாள். கத்தவில்லை. குழந்தையிடம் பேசுவது போல நிதானமாக, எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"கீழே வைங்க. அந்தச் சின்னக் கதவு திறந்திருக்கு. உங்க பொண்ணு அங்கே நின்னு உங்களைப் பார்த்துக்கிட்டிருக்கா."