உறவுக்காரர் இல்லாத ஊர்

ஆனி மாதத்தில் ஒரு நாள், காலை ஆறு மணி. இலுப்பூர் கண்மாய்க்கரையில் எங்கள் வேனுக்குள் நானும் மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தோம். கண்ணாடியில் டொக் டொக். போலீஸோ என்று பயந்து எழுந்தேன்.

போலீஸாகவே இருந்திருக்கலாம். நின்றது என் மச்சான் – மனைவியின் பெரியம்மா மகன்.

"என்ன மாப்ளே... இலுப்பூருல நமக்கு வீடு வாசல் இல்லையா? நாதியத்தவங்க மாதிரி ரோட்டுல கெடக்கீங்க?"

"இல்ல மச்சான், இது கேம்பர் வேன். இதுல படுக்குறதுதான் டூரே."

"படுக்கிறதுக்கு எதுக்கு டூரு? ஆத்தா, எறங்கு. ஒன் மதினி அடுப்பு பத்தவச்சுட்டா."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது.

அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஆம்னி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஆசாரியிடம் சொல்லி ஒரு கட்டில் அடித்தேன். ஒரு சின்ன காஸ் அடுப்பு, இரண்டு வாளி, ஒரு டேபிள் ஃபேன். புதுக்கோட்டையிலிருந்து கேரளக் கடற்கரை வரை லாட்ஜ் செலவில்லாமல் போய் வருவதாகத் திட்டம். எமகண்டம் கழித்துக் கிளம்பியதில் இலுப்பூர் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது.

திட்டம் என்னுடையது. ஆசை அவளுடையது. கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் நாங்கள் போகாத ஊரில்லை. எல்லாம் காதுகுத்து, சடங்கு, கருமாதி. போன இடத்திலெல்லாம் விடிந்ததும் அவள் அடுப்படியில் நிற்பாள். "ஒரே ஒரு ஊருங்க. காலையில எந்திரிச்சா, எனக்கு அங்க யாருமே சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது" என்றாள். இது ஒரு பெரிய ஆசையா? சொல்லுங்கள்.

மச்சான் வீட்டில் ஏழரை மணிக்கு நான் ஃபேனுக்கு நேராக நாற்காலியில் இருந்தேன். கையில் பேப்பர். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை உரிக்கச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம். மதினி தனியாக நின்று வேகும்போது இவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன விருந்தோம்பல்? விருந்தாளி ஆணென்றால் நாற்காலி, பெண்ணென்றால் அரிவாள்மணையா? நாலு பேர் வந்தால் இரண்டு பேருக்கு விருந்து, இரண்டு பேருக்கு வேலை. இதைத்தான் நாம் பண்பாடு என்று மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறோம். இவ்வளவு ஆவேசமும் எனக்கு மூன்றாவது தோசைக்கும் நான்காவது தோசைக்கும் நடுவில் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று நாள் விடவில்லை. கிளம்பும்போது மச்சான் போனை எடுத்தார். "சித்தி, தங்கச்சியும் மாப்ளையும் வாராங்க. வேன்லயே படுத்துக்குவோம்பாங்க, விட்டுறாதீங்க."

சித்தி இருப்பது திருமயம். கேரளா போகும் வழியில் திருமயம் எங்கே வந்தது? வரவில்லை. நேர் எதிர்த்திசை. ஆனால் சொன்ன பிறகு போகாவிட்டால், அடுத்த கல்யாணத்தில் எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவது? புதுக்கோட்டை வழியாகத் திரும்பினோம். எங்கள் சொந்த வீட்டைக் கடந்து விருந்துக்குப் போனோம் ஐயா. வாசலில் பூட்டு தொங்கியது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு, நாம கண்மாய்க்கரையில இருக்கோம்னு?"

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"ஏங்க..."

"அன்னைக்கு இருட்டுனதும் எறங்கி நின்னு அவருக்கு ஒரு போன் போட்டேன். அங்கிட்டு வண்டிய நிறுத்துனா பயமில்லையான்னு கேக்கத்தான்..."

ஊரில் சொந்தக்காரன் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது? நம் ஜில்லாவில் பிறந்த எவனும் இதைத்தான் செய்திருப்பான். சித்தி வீட்டில் இரண்டு நாள். காஸ் அடுப்பைப் பற்றவைக்காமலேயே வீடு வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகுதான் அந்தமான். யோசனை அவளுடையது. "ஆடியில போவோம். கல்யாணம் காச்சி இருக்காது, யாரும் கேக்க மாட்டாங்க. மழைங்கிறதால ரூமும் மலிவா கெடைக்கும்." ஒரே ஒரு நிபந்தனை: நான் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவில்லை. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கப்பலேறி ஒரு சின்னத் தீவுக்குப் போனோம். தகரக் கூரை போட்ட அறை. விடாத மழை. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. இந்த அழகுக்கா இவ்வளவு தூரம் என்று நான் முனகினேன். அவளோ வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ சமைத்த சோற்றை, யாரோ பரிமாற, சாப்பிட்டாள். முதல் நாள் தட்டைக் கழுவ எழுந்து, பிறகு ஞாபகம் வந்து, திரும்ப உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் படகுத்துறையில் ஒரு டீக்கடை. டீயை நீட்டியவர் எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சாருக்கு எந்தப் பக்கம்? எனக்குப் புதுக்கோட்டை பக்கம் வல்லத்திராக்கோட்டைங்க. இங்க வந்து இருவது வருசமாச்சு. வீடு இந்தா பின்னாடிதான், பொண்டாட்டியும் இருக்கா."

வல்லத்திராக்கோட்டை என் அம்மா பிறந்த ஊர். ஊர் சொன்னால் தெரு, தெரு சொன்னால் வீடு, நாலாவது கேள்வியில் அவர் எனக்குப் பங்காளியோ மாமனோ ஆகிவிடுவார். நான் வாயைத் திறந்தேன்.

"மெட்ராஸுங்க" என்றாள் என் மனைவி.

"பேச்சு நம்ம பக்கம் மாதிரி இருக்கே?"

"இவரு அங்கிட்டு கொஞ்ச நாள் வேலை பாத்தாரு. அப்புடியே ஒட்டிக்கிருச்சு."

அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. எனக்கு வந்ததே கோபம். கடற்கரையில் நடக்கும்போது பொரிந்து தள்ளினேன். பெற்ற தாயின் ஊரை மறைப்பதா? ஆயிரம் மைல் தாண்டி வந்து நம் பேச்சைக் கேட்க ஏங்கும் மனிதனிடம் பொய் சொல்வதா? மனுசத்தன்மை வேண்டாமா?

அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க ஊரு பேரச் சொல்லியிருந்தா, இந்நேரம் நீங்க அவரு வீட்டு நாற்காலியில இருப்பீங்க. நான் பின்கட்டுல மீன் கழுவிக்கிட்டு இருப்பேன்."



மறுநாள் காலை மழை. எட்டரை மணி வரை அவள் தூங்கினாள். காப்பிக்கு எழுப்பலாமா என்று ஒருமுறை தோன்றியது. எழுப்பவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு நானே டீக்கடைக்குப் போனேன், மெட்ராஸ்காரனாக.