மிஸ்ஸி சைக்கிளின் மான் தோல்

பிரிக்பீல்ட்ஸில் டொரத்தி மிஸ்ஸி சைக்கிளில் புறப்பட்டால், ஸ்டேஷனில் நிற்கும் கிள்ளான் ரயில் அவள் முதலில் போகட்டும் என்று காத்திருக்கும். கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். இது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொண்டுவிடலாம். ரயில் காத்திருக்கவில்லை. மாட்டு வண்டிகள் காத்திருந்தன. அதுவும் மரியாதைக்காக அல்ல. அவளுடைய பிரேக் எப்போது பிடிக்கும், எப்போது பிடிக்காது என்பது அந்த மாடுகளுக்குக்கூடத் தெரியும்.

டொரத்தி கிள்ளானில் பிறந்த மெத்தடிஸ்ட் வீட்டுப் பெண். ஆஸ்பத்திரியில் படித்துத் தேறிய மருத்துவச்சி. நர்ஸ் உடுப்புப் போட்ட பெண் யாராக இருந்தாலும் ஊருக்கு மிஸ்ஸிதான் என்பதால் டொரத்தியும் மிஸ்ஸி ஆனாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அவளைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பி, வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்க ஒரு பெண்கள் சைக்கிளும் கொடுத்தார்கள். சின்னதாக ஒரு வாடகை அறை, கையில் ஒரு பை, காலுக்கடியில் இரண்டு சக்கரம். இதற்கு மேல் சொர்க்கத்தில் என்ன இருக்கப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

குறை ஒன்றே ஒன்று. கைப்பிடி உறை ரப்பர். சுற்றிலும் ரப்பர் மரமாக நிற்கும் நாட்டில் அந்த ரப்பருக்கு மட்டும் நம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. பலாச்சுளை மாதிரி குழைந்துபோய், ஒரு நாள் வலது கை உறை அவள் உள்ளங்கையோடு கழன்று வந்துவிட்டது. உறை அவளிடம் இருந்தது. சைக்கிள் தனக்குப் பிடித்த பக்கம் போனது. இரண்டும் மறுபடி சந்தித்த இடம் லோங்காங் என்று நாம் சொல்லும் சாக்கடை. அந்த நேரம் பார்த்து லேடி டாக்டரின் கார் எதிரே வந்து நின்றது.

லேடி டாக்டர் இங்கிலீஷ்காரி, மருத்துவச்சிகளுக்கெல்லாம் மேலதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை விழுந்தால் ரவாங்குக்கு மாற்றிவிடுவேன், அங்கே ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை, சைக்கிளே வேண்டாம் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரவாங்! அங்கேதான் அண்ணன் ஜெயராஜ் இருந்தான். அண்ணி இருந்தாள். அண்ணி பார்த்து வைத்திருந்த, மூன்று பிள்ளைகளும் ஒரு பெரிய மீசையும் உடைய எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியும் மனைவியை இழந்து காத்துக்கொண்டிருந்தார். டொரத்திக்கு முழங்கால் சிராய்ப்பைவிட அந்த மீசைதான் எரிந்தது.

சாக்கடை நாற்றம் போகக் குளித்த கையோடு அவள் ஸ்காட் ரோட்டுப் பக்கம் சப்பாத்து தைக்கும் ஆ செங்கிடம் போனாள். ரயில்வேக்காரர்களின் கால் எல்லாம் அவன் கையில்தான். அவன் மெல்லிய தோல் ஒன்றை நீள வாராக வெட்டி, விளிம்பு துருத்தாதபடி கத்தியால் சீவிக் கொடுத்தான். என்ன தோல் என்று அவள் கேட்கவில்லை. சப்பாத்துக் கடையில் அதை யார் கேட்கிறார்கள்?

முதல் தடவை அவசரத்தில் கைப்பிடிக் கம்பியின் நடுவில் ஆரம்பித்து நுனி வரை சுற்றிவிட்டாள். பங்சார் வரை போய்த் திரும்புவதற்குள் விளிம்பெல்லாம் உரித்த வாழைப்பழம் மாதிரி விரிந்து நின்றது. அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குக் கட்டுப் போடுவது அவள் படித்த முதல் பாடம் அல்லவா? விரலிலிருந்து தோளை நோக்கித்தானே சுற்ற வேண்டும்! இங்கே கம்பியின் நுனிதான் விரல், நடுதான் தோள்.

பிறகென்ன, சைக்கிளை நோயாளி ஆக்கிவிட்டாள். வாரை ஈரத் துணியில் சுருட்டி வைத்து இளக்கினாள். நுனியில் தொடங்கி, முன் சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடும்படி, இழுத்து இழுத்துச் சுற்றினாள். வளைவு வந்த இடத்தில் மணிக்கட்டுக்குச் செய்வதுபோலவே சாய்த்துக்கொண்டாள். கடைசியில் மெழுகு நூலால் இறுக்கிக் கட்டினாள். நிழலில் காய்ந்ததும் தோல் சுருங்கிக் கம்பியை அப்படியே கவ்விக்கொண்டது. நோயாளி முனகவில்லை.

பராமரிப்பும் ஆஸ்பத்திரி முறைதான். நனைந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பாள். வெயிலில் காயப்போட மாட்டாள், வெடித்துவிடும். மாதா கோயிலில் மணி அடிக்கும் ஸ்டானிஸ்லாஸ், எரிந்து மிஞ்சிய தேன்மெழுகுத் துண்டுகளைக் கொடுப்பார். அதைத் துளி எண்ணெய் விட்டு உருக்கி, பொட்டு வைக்கிற அளவு தொட்டுத் தேய்த்து, கையில் ஒட்டாத வரை துடைத்தெடுப்பாள். எண்ணெய் கூடினால் வழுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "கத்தோலிக்க மெழுகுல மெத்தடிஸ்ட் சைக்கிள் ஓடுது, மிஸ்ஸி," என்பார் ஸ்டானிஸ்லாஸ். "உங்க பாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இராஜம்மா வீட்டு வாசல் வந்தது.

இராஜம்மா, ரயில்வே தலைமை கிளார்க் இராமலிங்கத்தின் தாயார். சுத்த சைவம். வெங்காயத்தைக்கூட யோசித்துத்தான் வீட்டுக்குள் விடுவார். மருமகள் தங்கமணிக்குத் தலைப்பிரசவம். அந்தத் தெருவில் இராஜம்மா எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம்தான் எல்லா ஜன்னலும் திறக்கும். அவர் கதவைச் சாத்தினால் ஒரு வீடும் மிஸ்ஸியைக் கூப்பிடாது. கூப்பிடாத மிஸ்ஸிக்குப் பிரிக்பீல்ட்ஸில் என்ன வேலை? மீசைதான்.

"நில்லு மிஸ்ஸி," என்றார் இராஜம்மா. "கைப்பிடியில என்னத்தைச் சுத்தியிருக்கே?"

"தோலுங்கம்மா. கை வழுக்காம இருக்க."

"என்ன தோலு?"

டொரத்தி குனிந்து தோலைப் பார்த்தாள்.

"மாட்டுத் தோலா? மாட்டுத் தோலைப் பிடிச்ச கையோட என் மருமக வயித்தைத் தொடவா வந்தே? நல்லா இருக்கு லா!"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடுவேங்கம்மா."

"சோப்பு அழுக்கைத்தான் எடுக்கும்!"

வாசலில் இராஜம்மா கழற்றி வைத்திருந்த செருப்பு எந்தத் தோல் என்று டொரத்தி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கதை ரவாங்கில் முடிந்திருக்கும். அவள் செருப்பைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்; வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மான் தோலுங்கம்மா."

இராஜம்மாவின் முகம் மாறியது. மான் தோல் என்றால் ரிஷிகள் உட்கார்ந்து தவம் செய்வது. சிவபெருமான் கையில் துள்ளுவதே மான்தான். செருப்பில் நுழையப்போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

அவ்வளவுதான். பாசாருக்குப் போய் வருவதற்குள் தெருவே தெரிந்துகொண்டது. மிஸ்ஸியின் சைக்கிளில் இருப்பது சும்மா மான் அல்ல, ஏதோ மலையில் ஒரு சாமியார் விட்டுப்போன மான் என்றார்கள். சாயங்காலத்துக்குள் அந்தச் சாமியாருக்கு ஒரு பெயரும் கிடைத்துவிட்டது. டொரத்தி ஒரு வீட்டுக்குள் போய் வெளியே வருவதற்குள் கைப்பிடியில் மஞ்சள் அப்பியிருக்கும். அடுத்த வீட்டில் நெய் வழியும். ஒருத்தி கம்பி நுனியில் எலுமிச்சம்பழத்தைக் குத்திவிட்டுப் போனாள். திருப்பத்தில் டொரத்தி இறுக்கிப் பிடித்தபோது அதன் சாறு முழுக்கத் தோலில் இறங்கியது. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மான் தோல் என்றவளே அவள்தானே! சாயங்காலம் துடைப்பாள், மறுநாள் அதே அபிஷேகம். எறும்பு வரிசை கட்டியது. பாசார் ஓரத்தில் ஓர் ஆடு மட்டும் கைப்பிடியை முகர்ந்து பார்த்து, துக்கம் விசாரிப்பதுபோல் ஒரு கத்துக் கத்திவிட்டுப் போனது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இராஜம்மா வீட்டுக்குக் கிள்ளானிலிருந்து அவர் தம்பி நாகையா வந்து சேர்ந்தார். எதையும் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து நம்புகிற மனிதர். கைப்பிடியையும் தடவிப் பார்த்தார்.

"மான் தோல்னா புள்ளி எங்கே?"

வாசலில் நின்ற பெண்கள் டொரத்தியைப் பார்த்தார்கள்.

"உள்பக்கம் இருக்குங்க ஐயா," என்றாள் டொரத்தி. "வெளிய இருந்தா கை பட்டு அழிஞ்சுடுமே."

நாகையா தலையை ஆட்டினார். "நியாயம்தான்," என்றார். ஆனால் விரல் மட்டும் தோலின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில், சுகப்பிரசவம் ஆகட்டும் என்று இராஜம்மா ஒரு கிண்ணம் நெய்யைக் கைப்பிடியில் தாராளமாக ஊற்றி வேண்டிக்கொண்டார். மத்தியானம் நல்ல மழை. மழை விட்டதும் தங்கமணிக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் ஓடி வந்தது. துடைக்க ஏது நேரம்? பையை மாட்டிக்கொண்டு டொரத்தி பறந்தாள். நெய், அதற்கு மேல் மழைத் தண்ணீர். இராஜம்மா வீட்டுத் திருப்பத்தில் கைப்பிடி விலாங்கு மீனாக மாறியது. கை ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், மறுபடியும் லோங்காங். பை மட்டும் எப்படியோ கரையில் நின்றது.

விழுந்த வேகத்தில் மெழுகு நூல் அறுந்து தோல் வார் நீளமாகச் சரிந்தது. டொரத்தியைத் தூக்க ஓடி வந்த நாகையா, வழியில் அந்த வாரைத் தூக்கினார். திருப்பினார். உள்பக்கத்தைப் பார்த்தார்.

"அக்கா! புள்ளியே இல்லே!"

இராஜம்மா வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுவிட்டார். "அப்ப மாடுதான். பொய்யா சொன்னே மிஸ்ஸி?"

"என்ன தோல்னு சத்தியமா எனக்கே தெரியாதுங்கம்மா," என்றாள் டொரத்தி, தலையிலிருந்து சேறு வழிய. "ஆனா பிரசவம் பார்க்கத் தெரியும்."

இராஜம்மா நகரவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. மாமியார் முன்னால் இதுவரை உரக்கத் தும்மிக்கூட அறியாத தங்கமணியின் குரல்.

"அத்தே! மானோ மாடோ, அப்புறம் விசாரிச்சுக்கங்க! மிஸ்ஸியை உள்ள விடுறீங்களா, நானே எந்திரிச்சு லோங்காங் பக்கம் வரட்டுமா?"

இராஜம்மாவின் கை தானாக இறங்கியது. டொரத்தி குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, சேற்று உடுப்பை மாற்றித் தங்கமணியின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். நாகையா தோல் வாரோடு ஸ்காட் ரோட்டுக்குப் போனார். இன்றைக்கு இதற்கு முடிவு கட்டாமல் விடுவதில்லை.

அவர் ஆ செங்கைக் கையோடு அழைத்துக்கொண்டு திரும்பியபோது, இராஜம்மா வாசலில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆ செங் வாரைக் கசக்கினான், முகர்ந்தான். புருவம் உச்சிக்கு ஏறியது. பாசார் மலாயில் தீர்ப்புச் சொன்னான்.

"லெம்பு புக்கான். ரூசா புக்கான். கம்பிங் லா!"

"மாடும் இல்லையாம், மானும் இல்லையாம்," என்றார் நாகையா. "ஆடாம் அக்கா!" பிறகு அவருக்கு என்னவோ தோன்றி விரல் மடக்க ஆரம்பித்தார். "மஞ்சள் தடவியாச்சு. நெய் ஊத்தியாச்சு. எலுமிச்சம்பழமும் பிழிஞ்சாச்சு. சைவ வீட்டு வாசல்ல வச்சு, ஆட்டுக்கு மசாலா இல்ல போட்டிருக்கே!"

தெருவில் ஒரு ஜன்னல் களுக்கென்று சிரித்தது. இராஜம்மா அந்த ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்; அது சாத்திக்கொண்டது. மடியில் பேத்தி சுகமாகக் கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும் இராஜம்மாவுக்கு வழி கிடைத்துவிட்டது.

"ஆட்டுக்கிடா முருகன் ஏறின வாகனம்டா. மான் அவருக்கு மாமியார் வீட்டுச் சொந்தம், ஆடு அவரே ஏறினது. தெரியாமலா செஞ்சேன்?"

"அம்மா," என்றாள் வெளியே வந்த டொரத்தி, "வாகனமாவே இருக்கட்டும். நெய் மட்டும் இனிமே வேண்டாம்."

"காஞ்ச துணிதான். வேற எவளாவது கிண்ணத்தைத் தூக்கட்டும், நான் பார்த்துக்கிறேன்."

அதற்குள் இராமலிங்கம் ஆபீஸ் டெலிபோனில் சொல்லி, லேடி டாக்டரின் கார் வந்து நின்றது. உள்ளே போய்த் தாயைப் பார்த்தார், வெளியே வந்து பிள்ளையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். வளைந்த கைப்பிடி. தோளில் சேலை, காதோரம் சேறு என்று நின்ற டொரத்தியையும் பார்த்தார். மறுபடி விழுந்தாயா என்று இங்கிலீஷில் கேட்டார்.

டொரத்தியின் கண்முன் ரவாங் ஸ்டேஷனும், பிளாட்பாரத்தில் அந்த மீசையும் வந்து நின்றன.

இராஜம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சாக்கடையை நோக்கி நீண்ட விரல் எந்த பாஷை என்று தெரியும்.

"விழலே! பிள்ளை வருதுன்ன அவசரத்துல குதிச்சு இறங்கினா. சேறு தெறிச்சுது. அப்படியே சொல்லு மிஸ்ஸி, ஒரு எழுத்து விடாம! இவளை வேற எங்கேயாவது மாத்தினா இந்தத் தெருவுல ஒருத்தியும் பெத்துக்க மாட்டான்னும் சொல்லு!"

டொரத்தி ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். லேடி டாக்டர் கண்ணாடி வழியாக இராஜம்மாவை உற்றுப் பார்த்தார். இராஜம்மா திருப்பி உற்றுப் பார்த்தார். கடைசியில் கண்ணாடிக்காரர்தான் முதலில் சிரித்தார். சரி, பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாசற்படியில் கால் வைத்தார்.

லேடி டாக்டருக்குத் தமிழில், பிரசவத்தில் சொல்லும் 'முக்கு' என்ற ஒரு சொல்தான் தெரியும். அதுவே அன்றைக்கு டொரத்தியைக் காப்பாற்றியது. ஏனென்றால் உள்ளேயிருந்து தங்கமணியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"குதிக்கலே அத்தே, விழுந்தாங்க! அந்தச் சத்தத்துலதான் உங்க பேத்தி பாதி வெளிய வந்தா!"