பெரியப்பா எழுந்து நின்ற அத்தியாயம்

எங்கள் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் ஞானையா அண்ணாச்சி நாவல் எழுதுகிறார் என்பது தூத்துக்குடிக்கே தெரியும். அவர்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆறு வருஷம் எழுதினார். நாலு பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் எழுபத்து நாலு ஆவணியில் மெட்ராஸ்காரர் ஒருவர், ஓலை வாசிக்கும் அத்தியாயத்துக்காகவே போடுகிறேன் என்று எழுதி, புரூப்பும் அனுப்பிவிட்டார். பத்து நாளில் திருத்தி அனுப்ப வேண்டும்.

மனுஷன் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், சோறு இறங்காமல் அலைந்தார். "ஏலே இசக்கியப்பா, அச்சுல பாத்தா ஊரே படிச்சிருமேன்னு தோணுதுலே" என்றார்.

காரணம் அவர் தங்கை ஞானதீபம். நாசரேத்தில் டீச்சர். அவர்கள் கிறிஸ்தவ வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வார்கள். எட்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு மூன்றாம் ஓலை வாசித்தபோது அவர்களுடைய பெரியப்பா எழுந்து, மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு குடும்பம் இருக்கிறது என்றாராம். கல்யாணம் நின்றது. விசாரித்தால் வெறும் புரளி. அதற்குள் மாப்பிள்ளை மனம் வெறுத்துக் கொழும்பில் வேறு பெண்ணைக் கட்டிவிட்டார். அண்ணாச்சி பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு எல்லாவற்றையும் அப்படியே எழுதிவைத்திருந்தார். பெயரை மாற்றினால் நாசரேத்காரர்களுக்குத் தெரியாதாம். அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல.

இப்போது முப்பத்திரண்டு வயதில் அவளுக்குச் சாயர்புரத்து வாத்தியார் ஒருவர் அமைந்திருக்கிறார். தை மாதம் கல்யாணம். புத்தகம் கிறிஸ்துமஸுக்கு வருகிறது.

"அத்தியாயத்த எடுத்தா புஸ்தகம் இல்ல. விட்டா அவ கல்யாணம் நின்னுருமோன்னு பயமா இருக்கு. நான் என்னலே செய்ய?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவளிடமே கேளுங்கள் என்றேன். தனியாகப் போகப் பயந்து என்னையும் பஸ்ஸில் இழுத்துப் போனார்.

ஞானதீபம் எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அந்த அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். அண்ணாச்சி வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கே வியர்த்துவிட்டது.

"வரட்டும் அண்ணே" என்றாள். "சாயர்புரத்துக்காரங்ககிட்ட பழசெல்லாம் நானே சொல்லியாச்சு."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினார். அவள் புரூப்பைக் கொடுக்கவில்லை.

"இதுல பெரியப்பா எந்திரிச்சுத் தடை சொன்னதால்லா எழுதியிருக்கிய?"

"அது கதைதான, ஏளா."

"மத்ததெல்லாம் நடந்தபடி இருக்கு. இது மட்டும் கதையா? செத்துப்போன பெரியப்பா வந்து கேக்கமாட்டாவன்னா? அன்னைக்கு எந்திரிச்சது நீங்கள்லா."

ஆறு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தவன் நான். என்னிடமும் பெரியப்பா என்றுதான் சொல்லியிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாத்திட்டு அனுப்புங்க. இல்லன்னா அனுப்பாண்டாம்" என்று, நோட்டுத் திருத்தும் சிவப்புப் பென்சிலை நீட்டினாள்.

அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். முதல் 'பெரியப்பா'வை அடித்து, மேலே 'அண்ணன்' என்று எழுதவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது. இரண்டாவது, மூன்றாவது என்று போய்ப் பக்கத்தைப் புரட்டினார்.

ஞானதீபம் குனிந்து பக்கத்தைத் திரும்பப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்கன ஒண்ண விட்டுட்டிய."